மணிக்கொடியும் வத்தலக்குண்டும்: ஒரு வாரப் பத்திரிகையின் வரலாறு

மணிக்கொடி வாரப் பத்திரிகையின் முதல் இதழ் 1933 செப்டம்பர் 17 அன்று சென்னையில் வெளிவந்தது. கு. சீனிவாசன், வ.ரா. என்ற வ. ராமசாமி, டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவர் கூடித் தொடங்கிய பத்திரிகை அது. வார இதழாக அது ஒன்றரை ஆண்டுகூட ஓடவில்லை. 1935 தொடக்கத்தில் நின்றது. அதே ஆண்டு மார்ச் மாதம் சிறுகதைக்கென்றே மாதம் இருமுறை வரும் இதழாக மறுபடியும் எழுந்தது. எழுப்பியவர் பி.எஸ். ராமையா. அவர் பெயரின் முதல் எழுத்து அவருடைய ஊரைக் குறிப்பது: பத்தலகுண்டு, இன்றைய வழக்கில் வத்தலக்குண்டு. தமிழ் இலக்கிய வரலாற்றில் ‘மணிக்கொடி காலம்’ என்று ஒரு காலத்தையே வகுத்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில், மணிக்கொடி கதை இதழாகப் பிறக்கவில்லை, அரசியலும் சமூகமும் பேச வந்த வாரத்தாளாகப் பிறந்தது என்ற செய்தி பின்னுக்குப் போய்விட்டது.

திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கும் கம்பத்துக்கும் போகும் சாலையும், மதுரைப் பக்கமிருந்து நிலக்கோட்டை வழியாகப் பழனிக்குப் போகும் சாலையும் செம்பட்டியில் சந்திக்கின்றன. செம்பட்டியிலிருந்து தென்மேற்கே மலையை நோக்கிப் போனால் வத்தலக்குண்டு. கொடைக்கானல் மலையின் அடிவாரத்து ஊர்; வெற்றிலைக் கொடிக்கால்களும் நெல்வயல்களும் மானாவாரிக் காடுகளும் கலந்த பகுதி. திருச்சியிலிருந்து தெற்கே நீண்ட இரயில் பாதை 1875இல் திண்டுக்கல் வழியாக மதுரையைத் தொட்டது. அதன் பிறகு இந்தச் சமவெளிக்குச் சென்னைப் பத்திரிகை தபாலில் வரலாயிற்று. இங்கிருந்து படிப்பதற்கும் பிழைப்பதற்கும் இளைஞர்கள் சென்னைக்குப் போகலாயினர். பத்திரிகையும் ஆளும் எதிர்த்திசையில் பயணம் செய்த பாதை அது.

சிற்றூர்களில் பத்திரிகை நடத்துவது அந்நாளில் எளிதாக இருக்கவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட்டின் முன் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும். 1910இல் வந்த அச்சகச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டது. 1922இல் அது நீக்கப்பட்டாலும், 1931இல் வந்த அவசர அதிகாரச் சட்டம் அதே கத்தியை மறுபடியும் தலைக்கு மேல் தொங்கவிட்டது. தமிழ் எழுத்துருவுக்கு உயிர்மெய் எழுத்துகள் பலவற்றுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். அத்தனையும் வாங்கி வைத்து, கோப்பதற்கு ஆள் அமர்த்தி, வாரந்தவறாமல் தாள் கொள்முதல் செய்ய வேண்டும். இவ்வளவையும் தாங்கும் வாணிகம் இருந்த ஊர்களில் வாரத்தாள்கள் பிறந்தன. காரைக்குடியில் சொ. முருகப்பா 1920இல் ‘தனவைசிய ஊழியன்’ தொடங்கினார். ஈரோட்டிலிருந்து 1925 மே 2 முதல் ஈ.வெ. ராமசாமியின் ‘குடி அரசு’ வந்தது. ஒன்றுக்குப் பின்னால் செட்டிநாட்டு வணிகம், மற்றதற்குப் பின்னால் மஞ்சள் மண்டி நடத்திய குடும்பம். வத்தலக்குண்டுக்கு அப்படி ஒரு பின்பலம் இல்லை. அந்த ஊர் அனுப்பியது ஆட்களை. அதுவும் அரை நூற்றாண்டுக்குள் நான்கு பத்திரிகையாசிரியர்களை அனுப்பியது.

முதலாமவர் பி.ஆர். ராஜம் ஐயர். 1872இல் பிறந்தவர். சி.வி. சுவாமிநாத ஐயர் நடத்திய ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் 1893 முதல் 1895 வரை அவர் எழுதிய தொடர்கதைதான் ‘கமலாம்பாள் சரித்திரம்’. மதுரை ஜில்லாவின் சிற்றூர் வாழ்க்கையை, திண்ணைப் பேச்சும் வம்பும் உட்பட, அப்படியே கொண்டுவந்த கதை. தமிழ் நாவல் தொடக்க நாட்களிலேயே பத்திரிகையில் தவணை முறையில் வளர்ந்தது என்பதற்கு அது சான்று. விவேகானந்தரின் ஊக்கத்தோடு சென்னையில் 1896 ஜூலையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ என்ற ஆங்கில மாத இதழுக்கு ராஜம் ஐயரே ஆசிரியர். இதழின் பெரும்பகுதியைப் பல புனைபெயர்களில் அவரே எழுதி நிரப்பினார். 1898 மே மாதம், இருபத்தாறு வயதில் இறந்தார். இதழும் உடனே நின்றது. சில மாதங்களில் அல்மோராவுக்குப் போய் உயிர்பெற்று, ராமகிருஷ்ண மடத்தின் இதழாக இன்றும் வருகிறது. ஆசிரியர் ஒருவரின் உயிர்மூச்சில் மட்டுமே ஓடும் இதழ் அவரோடு சாயும் என்ற பாடத்தை இந்த ஊர் மிக முன்னதாகவே கண்டது.

இரண்டாமவர் சுப்பிரமணிய சிவா. 1884இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையோடு மேடையேறியதற்காக 1908இல் கைதாகி, தண்டனை குறைக்கப்பட்டு, 1912 நவம்பரில் விடுதலையானார். சிறையில் பற்றிய தொழுநோயோடுதான் வெளியே வந்தார். வந்த மறு ஆண்டே சென்னையில் ‘ஞானபாநு’ என்ற மாத இதழைத் தொடங்கிவிட்டார். புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த பாரதிக்கு எழுத இடமில்லாதிருந்த ஆண்டுகள் அவை. ‘இந்தியா’ வாரப் பத்திரிகை 1910இலேயே நின்றிருந்தது. அந்த நேரத்தில் ‘ஞானபாநு’ பாரதிக்குப் பக்கம் கொடுத்தது. அது நின்ற பிறகு சிவா ‘பிரபஞ்ச மித்திரன்’ என்ற வாரப் பத்திரிகையையும் நடத்திப் பார்த்தார். உடலும் பணமும் இடம் கொடுக்காத நிலையில் அவர் இதழ் நடத்திய விதத்தை எண்ணும்போது, பத்திரிகை அவருக்குத் தொழிலாக இருந்ததாகவே தோன்றவில்லை. மேடை மறுக்கப்பட்டவர் கண்டுபிடித்த மற்றொரு மேடை அது. 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் அவர் மறைந்தார்.

சிவா இறந்து எட்டு ஆண்டுகளில் மணிக்கொடி வந்தது. அதற்குள் தமிழ்ப் பத்திரிகை உலகம் உருமாறியிருந்தது. 1882இல் வாரத்தாளாகத் தொடங்கி 1899இல் நாளிதழான ‘சுதேசமித்திரன்’ முதியதாகிவிட்டது. பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்து, கல்கியின் எழுத்தாலும் போட்டிகளாலும் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. உப்புச் சத்தியாக்கிரகம் ‘சுதந்திரச் சங்கு’ போன்ற காலணாப் பத்திரிகைகளைப் பெற்றெடுத்தது. சொக்கலிங்கம் ‘காந்தி’ என்ற தம் காலணாப் பத்திரிகையை நடத்திவந்தார். காலணா கொடுத்தால் தெருமுனையில் நின்றே படித்து முடித்துவிடலாம். படித்தவர் சொல்லக் கேட்கச் சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள்.

ஆனால் 1933இல் அந்த வேகம் தணிந்துகொண்டிருந்தது. சட்டமறுப்பு இயக்கம் தனிநபர் மறுப்பாகச் சுருங்கியது. சிறை சென்றவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கோஷம் ஓய்ந்த இடத்தில் நிதானமான சிந்தனைக்கு ஒரு தாள் வேண்டும் என்ற எண்ணம் அந்த வேளையில்தான் முளைக்க முடியும். சீனிவாசனுக்கு ஆங்கிலப் பத்திரிகை உலகம் தெரியும். இங்கிலாந்தில் வெளிவந்த ‘அப்சர்வர்’ வாரத்தாள்தான் அவர் கண்முன் இருந்த மாதிரி. நடப்பை அலசும் தலையங்கம், உலக அரசியல், கலை, நூல் விமர்சனம், கொஞ்சம் கவிதை, ஒரு கதை என எல்லாம் ஒரே தாளில், நல்ல தமிழில். வ.ரா. பாரதியோடு புதுச்சேரியில் பழகியவர், 1930இல் சிறை கண்டவர், எளிய தமிழே வலிய தமிழ் என்று நம்பியவர். சொக்கலிங்கம் பத்திரிகையை நடத்தத் தெரிந்தவர். பாரதியின் கொடிப்பாட்டை நினைவூட்டும் பெயரைச் சூட்டி மூவரும் புறப்பட்டார்கள்.

வாரத்தாளாக இருந்தபோது மணிக்கொடி என்ன செய்தது என்பதைக் கதைப் புகழ் மறைத்துவிட்டது. அரசியல் கட்டுரைகள்தாம் அதன் முதுகெலும்பு. வ.ரா.வின் நடைச்சித்திரங்கள் சாதாரண மனிதர்களைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தன. 1934இல் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ என்ற கவிதை யாப்பை உதறிவிட்டு அதில் வந்தது. தமிழில் புதுக்கவிதையின் தொடக்கத்தை அங்கிருந்தே எண்ணுகிறார்கள். அதே ஆண்டு புதுமைப்பித்தனின் ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’, ‘பொன்னகரம்’ போன்ற கதைகள் வந்தன. வாரத்தாளில் ஒன்றிரண்டு பக்கம்தான் கதைக்குக் கிடைக்கும். ‘பொன்னகரம்’ அவ்வளவு இறுக்கமாக அமைந்ததற்கு ஆசிரியரின் மேதைமை முதற்காரணம் என்றாலும், பத்திரிகையின் அளவும் அதற்குத் துணை செய்திருக்கும். நகரத்தின் பின்வாசலைப் பார்க்கும் அந்தக் கதை, ஒரு செய்தித்தாள் பக்கத்தில் அரசியல் கட்டுரைக்கு அண்டையில் அச்சானது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். செய்தியின் அருகே வைக்கப்பட்டதால் கதையும் நடப்பைப் பற்றிய சாட்சியமாகவே வாசிக்கப்பட்டது.

வாரத்தாளுக்கு வருமானம் மூன்று வழிகளில் வரும்: சந்தா, ஏஜெண்டு விற்பனை, விளம்பரம். சந்தா முன்பணமாக வரும். ஆனால் தேசியப் பத்திரிகைகள் அடிக்கடி நின்றுபோன காலத்தில் ஓராண்டுச் சந்தா கட்ட எல்லோரும் துணிவதில்லை. ஏஜெண்டுகள் விற்ற பிரதிக்கு மட்டும், அதுவும் தாமதமாகத்தான், பணம் அனுப்புவார்கள். விற்காத பிரதி கட்டாகத் திரும்பி வரும். ஆகவே தாளுக்கும் மைக்கும் கூலிக்கும் விளம்பரத்தையே நம்பவேண்டும். கவர்ன்மெண்டுக்கு ஆகாத பத்திரிகைக்கு விளம்பரம் தர வியாபாரி தயங்குவார். மணிக்கொடிக்காகக் கடைகடையாக ஏறி இறங்கி விளம்பரம் பிடித்த ஆள்தான் வத்தலக்குண்டு ராமையா.

ராமையா 1905 மார்ச் 24 அன்று பிறந்தவர். பள்ளிப் படிப்போடு ஊரை விட்டுச் சென்னை வந்து, கிடைத்த வேலைகளைச் செய்து, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்டவர். ஆனந்த விகடனின் சிறுகதைப் போட்டிக்கு ‘மலரும் மணமும்’ என்ற கதையை அனுப்பி எழுத்தாளரானார். கதை எழுதுபவர் என்பதைவிட விளம்பரம் பிடிப்பவர் என்றே மணிக்கொடிக்குள் நுழைந்தார். இந்த விவரம் அற்பமானதன்று. பத்திரிகையின் மற்றவர்கள் அதை உள்ளிருந்து எழுத்தாகப் பார்த்தார்கள். ராமையா அதை வெளியிலிருந்து, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் கண்களாலும் பார்த்தார். வாசனும் விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர், அவரும் சிற்றூர்க்காரர்தான். திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த வாசன் அந்த அனுபவத்தை மிகப் பெரிய வாசகர் கூட்டத்தைத் திரட்டப் பயன்படுத்தினார். ராமையா அதே அனுபவத்தைக் கொண்டு, நல்ல கதைக்கென்று ஒரு சிறு கூட்டம் உண்டு, அதை நம்பி இதழ் நடத்தலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு பண வகையில் பலிக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போடத் துணிந்தவர் அவர் ஒருவர்தான்.

1934இல் மூவர் கூட்டணி கலைந்தது. பத்திரிகையில் சண்டை வந்து அது கலையவில்லை. சம்பளம் தரும் வேலைகள் அவர்களை அழைத்தன. ‘ப்ரீ பிரஸ்’ சதானந்தின் நிறுவனம் சென்னையில் தமிழ் நாளிதழ் ஒன்றைத் திட்டமிட்டது. 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளன்று, ‘தினமணி’ பிறந்தது. சொக்கலிங்கம் அதன் ஆசிரியரானார். ‘காந்தி’யும் தினமணியோடு கலந்தது. வ.ரா. கொழும்புக்குப் போய், 1930 முதல் வந்துகொண்டிருந்த ‘வீரகேசரி’யின் ஆசிரியர் பொறுப்பேற்றார். சீனிவாசன் பம்பாய்க்குப் போனார். பின்னாளில் அவர் ஸ்டாலின் சீனிவாசன் என்று அறியப்பட்டு, சென்னையில் திரைப்படத் தணிக்கை அதிகாரியாகவும் இருந்தார். நாளிதழ் பெருகியதால் வாரத்தாளின் வேலையும் பறிபோனது. அன்றாடம் அரசியல் பேச ஒரு நல்ல தேசியத் தினசரி, குறைந்த விலையில், கைக்கு வந்துவிட்ட பிறகு, வாரத்துக்கு ஒருமுறை அரசியல் பேசும் தாளை யார் காத்திருந்து வாங்குவார்கள்? மணிக்கொடியை வீழ்த்தியது அடக்குமுறையும் அன்று, வாசகரின் அலட்சியமும் அன்று. அதன் மூத்தவர்களே நாளிதழை வளர்க்கப் போனார்கள். அந்த நாளிதழ் வாரத்தாளின் நிலத்தை எடுத்துக்கொண்டது.

நின்றுபோன பெயரை எடுத்து ராமையா மறுபடியும் நடத்த முன்வந்தபோது, அரசியலை விட்டுவிட்டார். 1935 மார்ச் முதல் மணிக்கொடி முழுக்க முழுக்கக் கதை இதழ், மாதம் இருமுறை. கி. ராமச்சந்திரன் என்ற கி.ரா. துணையாசிரியர். சிறுகதைக்காக மட்டும் ஓர் இதழ் என்பது தமிழில் அப்போது யாரும் கைவைக்காத காரியம். விகடனும் கலைமகளும் பலவற்றோடு ஒன்றாகக் கதையை வெளியிட்டன. ராமையா கதையையே உணவாகப் பரிமாறினார். இதழின் அளவு புத்தக அளவானது. பக்க நெருக்கடி தளர்ந்ததும் கதைகள் நீளவும் ஆழவும் தொடங்கின. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைப் பற்றிய புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் தொடராக வந்தது. வார இதழின் ஒரு பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்திராது.

கு.ப. ராஜகோபாலனும் ந. பிச்சமூர்த்தியும் கும்பகோணத்திலிருந்து எழுதினார்கள். பெ.கோ. சுந்தரராஜன் என்ற சிட்டியும், ந. சிதம்பர சுப்பிரமணியனும், க.நா. சுப்ரமண்யமும் எழுதினார்கள். கும்பகோணத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டு, எழுத எண்ணாமலே இருந்த எஸ். மணி என்பவரைத் தூண்டி எழுதவைத்து, ‘மௌனி’ என்ற பெயரையும் வைத்தவர் ராமையா. மௌனியின் கதைகள் 1936இல் மணிக்கொடியில் வரத் தொடங்கின. அதே ஆண்டில் எம்.வி. வெங்கட்ராமின் முதல் கதையும் வந்தது. அவருக்கு அப்போது பதினாறு வயது. பெயர் தெரிந்தவர் யார், புதியவர் யார் என்ற பார்வை ராமையாவிடம் இல்லை. தமக்குச் சற்றும் ஒத்துவராத எழுத்தையும் அவர் இடம் கொடுத்து அச்சிட்டார். அவருடைய கதைகள் நேரடியானவை, சம்பவம் நிறைந்தவை. மௌனியின் கதைகள் அதற்கு முற்றும் மாறானவை. தம் எழுத்துக்கு எதிர்முனையில் நிற்கும் ஒருவரைக் கண்டெடுத்து வளர்த்தது, ராமையா ஆசிரியராகச் செய்தவற்றில் மிகப் பெரியது. அவருடைய சொந்தக் கதைகள் பல இன்று வாசிக்கப்படாமல் போனாலும் இந்தச் செயல் நிற்கும்.

மூன்றாவது ஆள் இப்படித்தான் வந்தார் என்றால், நான்காவது ஆளும் அதே கதவு வழியாக வந்தார். சி.சு. செல்லப்பா 1912 செப்டம்பர் 29 அன்று சின்னமனூரில் பிறந்தவர். வளர்ந்ததும் தம்முடையது என்று சொல்லிக்கொண்டதும் தாயாரின் ஊரான வத்தலக்குண்டு. அவருடைய முதல் கதை 1934இல் ‘சுதந்திரச் சங்கு’ வார இதழில் வந்தது. மணிக்கொடியில் எழுதத் தொடங்கி, பின்னர் சென்னைக்கே வந்து அந்தக் கூட்டத்தில் ஒருவரானார். கதையை எடை போடுவது எப்படி, மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் வேறுபாடு என்ன என்று மணிக்கொடியில் நடந்த விவாதங்கள் அவருக்கு விமர்சனப் பள்ளிக்கூடம். ‘யாத்ரா மார்க்கம்’ என்ற பகுதியில் 1937இல் புதுமைப்பித்தனும் க.நா.சு.வும் மோதிக்கொண்ட தழுவல் விவாதம் அதில் குறிப்பிடத்தக்கது. வேற்றுமொழிக் கதையைப் பெயர் மாற்றி, ஊர் மாற்றித் தமிழ்க் கதையாகக் காட்டுவதைப் புதுமைப்பித்தன் கடுமையாக எதிர்த்தார். வாரத்தாளாக இருந்தபோது அரசியலில் காட்டிய நேர்மைக் கண்டிப்பை, கதை இதழானபின் மணிக்கொடி எழுத்தில் காட்டியது.

பணம் மட்டும் சேரவில்லை. கடனும் நண்பர் உதவியுமாக ஓடிய இதழை நவயுகப் பிரசுராலயம் என்ற பதிப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் தாங்கினால் இதழ் நிலைக்கும் என்பது நம்பிக்கை. நிறுவனத்துக்கோ இலாபக் கணக்கு முக்கியமாயிற்று. 1938 தொடக்கத்தில் ராமையா ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீங்க வேண்டியதாயிற்று. ப. ராமஸ்வாமியின் ஆசிரியத்துவத்தில் இதழ் வேறு முகத்தோடு சிறிது காலம் வந்து, 1939இல் நின்றது. வாரத்தாள், ராமையாவின் கதை இதழ், ராமையா இல்லாத இதழ் என்று ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று பிறவிகள். இவற்றில் எழுத்து வரலாறு நினைவில் வைத்திருப்பது நடுப்பிறவியை. செய்தித்தாள் வரலாறு சேர்த்துக்கொள்ள வேண்டியது முதற்பிறவியை.

ராமையா திரைப்படத்துக்கும் நாடகத்துக்கும் போனார். அவருடைய ‘போலீஸ்காரன் மகள்’ நாடகத்தை 1962இல் ஸ்ரீதர் படமாக்கினார். மற்றவர்கள் சிதறிய இடங்களில் சிறு பத்திரிகைகள் முளைத்தன. க.நா.சு. 1939இல் ‘சூறாவளி’ என்ற வார இதழைத் தொடங்கிச் சில மாதங்கள் நடத்தினார். திருச்சியிலிருந்து 1942இல் ‘கலாமோகினி’ வந்தது. இவற்றுள் உள்ளூர் வாரத்தாள் என்ற வகைக்கு மிக நெருங்கியது துறையூர் ‘கிராம ஊழியன்’. வட்டாரச் செய்தியும் அரசியலும் சொல்லிவந்த அந்தப் பத்திரிகை 1943 ஆகஸ்டில் இலக்கிய இதழாக உருமாறியது. திருலோக சீதாராம் அதை நடத்த, கு.ப.ரா. அதில் ஆசிரியப் பொறுப்பேற்றார். 1944 ஏப்ரலில் அவர் இறந்தபின் வல்லிக்கண்ணன் தொடர்ந்தார். மணிக்கொடிக்கு நேர்ந்த அதே மாற்றம், தினசரி வந்தபின் வாரத்தாள் தன் அரசியலைக் கழற்றிவிட்டுக் கதைக்கும் கவிதைக்கும் திரும்பும் மாற்றம், இங்கே ஒரு சிறு நகரில் மீண்டும் நடந்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. செய்தியை விரைவாகத் தரும் போட்டியில் தோற்ற இதழ், விரைவு தேவைப்படாத எழுத்தைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது.

சொக்கலிங்கம் கட்டிய தினமணியும் அவருக்கு நிலையான இடமாக அமையவில்லை. 1943இல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட வேறுபாட்டால் அவர் விலகியபோது புதுமைப்பித்தன் உள்ளிட்ட பலர் அவரோடு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு ‘தினசரி’ என்ற நாளிதழை அவர் தொடங்கினார். மணிக்கொடியின் வாரத்தாள் கூட்டத்துக்கு எந்தக் கூரையும் நெடுநாள் நிற்கவில்லை.

செல்லப்பா காத்திருந்தார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் 1941இல் சிறை சென்றார், க.நா.சு.வின் ‘சந்திரோதயம்’ இதழிலும் பிறகு தினமணி வட்டத்திலும் வேலை பார்த்தார். பிறகு 1959 ஜனவரியில் ‘எழுத்து’ மாத இதழைத் தொடங்கினார். சென்னை திருவல்லிக்கேணியில் தம் வீட்டையே அலுவலகமாக வைத்துக்கொண்டார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்று முதலிலேயே அறிவித்த இதழ் அது. விற்பனை அந்த எண்ணிக்கையின் அருகேகூட வரவில்லை. ஆனால் அந்த அறிவிப்பில் ராமையாவின் பழைய கணக்கு தெரிகிறது: நல்ல எழுத்துக்குச் சிறு கூட்டம் உண்டு, அந்தக் கூட்டத்தின் அளவுக்கு இதழைத் தைக்க வேண்டும். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு ஆகியோரின் கவிதைகள் அதில் வந்தன. வெங்கட் சாமிநாதன் விமர்சகராக உருவானார். பிச்சமூர்த்தி வாரத்தாள் மணிக்கொடியில் தொட்டு விட்டுவிட்ட யாப்பில்லாக் கவிதை, கால் நூற்றாண்டு கழித்து எழுத்து இதழில்தான் இயக்கமாயிற்று. 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பையும் செல்லப்பா வெளியிட்டார். 119 இதழ்களோடு 1970இல் ‘எழுத்து’ நின்றது. தம் வெளியீடுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற செல்லப்பாவை நினைவுகூராத தமிழாசிரியர் அந்தத் தலைமுறையில் குறைவு. மனைவியின் நகைகள் இதழுக்குப் போயின. ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட அவருடைய ‘வாடிவாசல்’ எழுத்து தொடங்கிய அதே 1959இல் வந்தது. மதுரைப் பக்கத்துப் பேச்சுத் தமிழ் அதில் முழு உரத்தோடு நிற்கிறது. செம்பட்டிச் சமவெளியில் காளை வளர்த்தவர் எவருக்கும் அதன் சொல் ஒவ்வொன்றும் பழக்கமானது.

வாரத்தாளின் கதையை எழுதிவைக்கும் பொறுப்பும் வத்தலக்குண்டுக்காரருக்கே வந்தது. நா. பார்த்தசாரதி நடத்திய ‘தீபம்’ இதழில் ராமையா ‘மணிக்கொடி காலம்’ என்ற தொடரை எழுதினார். யார் எப்போது வந்தார், எந்தக் கதை எப்படிக் கிடைத்தது, பணம் எங்கே புரண்டது, எங்கே புரளவில்லை என்பதையெல்லாம் உள்ளிருந்தவராக அவர் பதிவுசெய்தார். ஒரு பத்திரிகையின் வரலாற்றை அதன் விளம்பரப் பிரதிநிதியும் ஆசிரியருமாக இருந்தவரே எழுதிய இன்னொரு நூல் தமிழில் கிடைப்பது அரிது. 1982ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்தத் தொடரின் நூல் வடிவத்துக்குக் கிடைத்தது. 1983 மே மாதம் ராமையா காலமானார்.

செல்லப்பா தம் இறுதிக் காலத்திலும் ராமையாவை விடவில்லை. மணிக்கொடி எழுத்தாளர்களில் பேசப்பட்டவர்கள் புதுமைப்பித்தனும் மௌனியும்; ராமையா விமர்சகர்களால் ஒதுக்கப்பட்டார் என்று அவருக்குக் குறை. அதை ஈடுசெய்ய ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்ற விரிவான நூலை எழுதினார். 1998 டிசம்பரில் அவர் மறைந்தார். அவருடைய ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. மணிக்கொடி இதழ்களிலிருந்து தேர்ந்தெடுத்த படைப்புகள் பின்னர் சிட்டி, அசோகமித்திரன், ப. முத்துக்குமாரசுவாமி ஆகியோரின் பொறுப்பில் தொகுதியாக வந்தன. வத்தலக்குண்டு அடங்கிய பகுதி 1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டமாயிற்று. ராஜம் ஐயரும், சிவாவும், ராமையாவும், செல்லப்பாவும் தங்களை மதுரை ஜில்லாக்காரர்கள் என்று எழுதிக்கொண்டிருந்த ஊர் இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.